மகள் குடியிருக்கும் தீவு

மன்னார் என்றால் எங்கள் பகுதிச் சனங்களுக்கு மூன்று விடயங்கள்தான் நினைவுக்கு வரும். கருவாடு, மடுமாதா, திருக்கேதீச்சரம். இவற்றில் தீவுக்குள் இருப்பது கருவாடு மட்டும்தான். மடு காட்டுக்குள்ளே இருக்கிறது. திருக்கேதீச்சரம் கடலுக்கு இந்தப் பக்கம் மாந்தையில் இருக்கிறது. மன்னார் பட்டினமோ கடலைக் கடந்து போய்ச் சேரவேண்டிய தீவின் வாசலில் இருக்கிறது. என் மகள் அங்கேதான் குடியிருக்கிறாள்.

மகளுக்குக் குடும்பநல உத்தியோகத்தராக 2021இல் மன்னாரில் நியமனம் கிடைத்தது. அடுத்த வருடம் பேசாலையைச் சேர்ந்த ஒரு பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் வள்ளங்களின் இயந்திரம் திருத்துபவர், கத்தோலிக்கர். வவுனியாவில் பதிவு நடந்தது. அந்த 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்கு நாடு முழுவதும் வரிசையில் நின்ற காலம். அதன் பிறகும் ஆடு, கோழி, தோட்டம் என்று ஏதோ ஒன்று தடுத்துக்கொண்டே இருந்தது. 2024 மாசியில் மகள் தொலைபேசியில், "அம்மா, எனக்கு ஐந்தாம் மாதம். இப்பவாவது வாங்கோ. வந்து வீட்டைப் பார்த்திட்டு, இங்கேயே இருக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுங்கோ" என்றாள். ஆட்டுக்குட்டிகளைப் பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக வவுனியாவுக்கு ஒரு பஸ். வவுனியாவிலிருந்து மன்னாருக்கு இன்னொன்று. இந்த இரண்டாவது பஸ் செட்டிகுளம் பிரதேசத்தை ஊடறுத்துப் போகிறது. மெனிக் பாம் முகாம் இருந்த பக்கம். 2009இல் நானும் மகளும் அங்கே இருந்தோம். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. முகாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்டுவிட்டது. காடும் வயலும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. பக்கத்தில் இருந்த பெண்மணி தன் பிள்ளைக்கு விசுக்கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு முருங்கன் வரும்வரை திறக்கவில்லை.

முருங்கனில் கண் திறந்தது நல்லதாகப் போயிற்று. காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை நம்பி விளையும் பூமி அது. வெட்டிய வயலில் கொக்குகள், றோட்டோரத்தில் காயப்போட்ட நெல். உயிலங்குளம் தாண்டியதும் மரங்கள் குறைந்து, நிலம் வெளுத்து, உப்புக் காற்று முகத்தில் அடித்தது. பிறகு இரண்டு பக்கமும் தண்ணீர். நடுவில் றோட்.

இந்தக் கடல்வழி ஏறக்குறைய 3 கிலோமீற்றர் நீளம். அதில் இருக்கும் பாலம் 1990இல் யுத்தத்தில் தகர்க்கப்பட்டது. பல வருடங்கள் தற்காலிக இரும்புப் பாலத்தில்தான் போக்குவரத்து நடந்தது. இப்போதுள்ள பாலம் ஜப்பான் அரசின் உதவியுடன் கட்டப்பட்டு 2010 பங்குனியில் திறக்கப்பட்டது. யுத்த காலத்தில் இந்த இடத்தில் இறங்கி, பொதி அவிழ்த்து, அடையாள அட்டை காட்டி, மறுபடி கட்டிக்கொண்டு ஏறவேண்டும் என்று பஸ்ஸில் ஒரு ஐயா சொன்னார். இந்த முறை எவரும் மறிக்கவில்லை. ஆழமில்லாத தண்ணீரில் தூரத்தே வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் ஒரு கூட்டம் நின்றது. பூநாரைகள். குளிர்காலத்தில் வந்து நின்றுவிட்டு வெயில் ஏறப் போய்விடுமாம். வங்காலைச் சரணாலயம் அந்தப் பக்கம்தான்.

பாலம் தாண்டியதும் கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயரிடம் போனது. எவர் வந்தாலும் முதலில் பிடிப்பது இந்த வாசலைத்தான்.

நகரின் நுழைவாயிலில்தான் அந்தச் சதொச வளவும் இருக்கிறது. 2018இல் புதுக் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டும்போது மனித எலும்புகள் வெளிப்பட்ட இடம். தோண்டத் தோண்ட, சிறுபிள்ளைகளினுடையவை உட்பட, 300க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் கிடைத்தன. சில மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவை 1400களுக்கும் 1600களுக்கும் இடைப்பட்ட காலத்தவை என்று 2019 பங்குனியில் அறிக்கை வந்தது. காணாமல் போனவர்களின் உறவினர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் நாங்கள் சில தாய்மார் அந்த ஒரு வருடமும் பத்திரிகையில் மன்னார்ச் செய்தியைத்தான் முதலில் பார்ப்போம். என் மூத்தவன் 2009 வைகாசியில் வட்டுவாகலைக் கடந்த பிறகு என் கண்ணில் படவில்லை. அவனை மன்னாரில் தேட எந்த நியாயமும் இல்லை. ஆனாலும் பார்ப்போம்.

மகள் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தாள். "அந்தப் பக்கம் பார்க்காதேங்கோ அம்மா" என்றாள். நான் பார்த்துவிட்டுத்தான் நடந்தேன்.

அவர்கள் வாடகைக்கு இருப்பது மூர்வீதிப் பக்கம். இரண்டு அறை, ஒரு குசினி, முற்றத்தில் ஒரு வேம்பு. நான் முதலில் பார்த்தது கிணற்றை. இறைத்து வாயில் விட்டால் உவர். குடிநீர் முருங்கன் பக்கத்திலிருந்து குழாய் வழியாகத்தான் பட்டினத்துக்கு வருகிறது. மணல் தீவில் மழைநீர் ஒரு மெல்லிய படலமாகத்தான் தங்கும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல்நீர் மேலே வந்துவிடும் என்று மருமகன் விளங்கப்படுத்தினார். நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் பிறந்து வளர்ந்த எனக்கு, குடிக்க ஒரு தண்ணீர், குளிக்க ஒரு தண்ணீர் என்று வாளிகளைப் பிரித்து வைப்பது மூன்று நாளைக்குப் பிறகுதான் பழகியது.

இன்னொன்று கழுதைகள். கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் பட்டப்பகலில் நடு றோட்டில் குட்டியுடன் நின்று பஸ்ஸை மறிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தக் காலத்து அரபு வணிகர்கள் சுமை தூக்கக் கொண்டுவந்தவற்றின் வழி என்கிறார்கள். இரவில் முற்றத்துக்கு வந்து வேம்பில் முதுகைத் தேய்க்கும். வாழைப்பழத் தோலுக்குக் காத்து நிற்கும். மகள் அவற்றுக்குப் பெயரும் வைத்திருக்கிறாள்.

அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் இன்னொன்று பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம். ஆபிரிக்காவுக்குரிய மரம். சுற்றளவு 19 மீற்றருக்கும் மேல். உயரம் என்னவோ எங்கள் வீட்டு முருங்கையைவிடப் பெரிதாக இல்லை. குந்தியிருக்கும் ஆனையைப் போல ஒரு உருவம். எத்தனை ஆட்சி மாறியபோதும் அது பட்டுப்போகவில்லை. அடியில் பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடினார்கள்.

வீட்டுக்காரப் பெண்மணி பின்வளவில் இருக்கிறார். நாற்பத்தாறு வயதிருக்கும். மகள் அவரை "ராத்தா" என்று கூப்பிடுகிறாள். முதல் நாளே எனக்கு ஒரு கோப்பை இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து, "தாய் வந்திட்டீங்க, இனி எனக்கு அரைவாசிக் கவலை விட்டுது" என்றார். மகளின் மசக்கைக் காலம் முழுக்கக் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான். எனக்கு நன்றி சொல்லவும் கூச்சமாக இருந்தது. வெட்கத்தோடு கூடிய கூச்சம் அது. ஏனென்று வடக்கில் வாழ்ந்த எவருக்கும் விளங்கும்.

1990 ஐப்பசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள் சில நாட்களுக்குள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். மன்னார்த் தீவிலிருந்து கடல்வழியாகக் கல்பிட்டிக்குப் போனவர்களே அதிகம். ராத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, இருவரும் முற்றத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். "எங்கட உம்மா வீட்டைப் பூட்டி, திறப்பை இடுப்பில செருகினவ. வள்ளத்தில கடல் தண்ணி அடிச்சு எல்லாரும் நனைஞ்சு போனம். கல்பிட்டியில இறங்கி உம்மா முதல்ல தடவிப் பார்த்தது திறப்பைத்தான். புத்தளத்தில கிடுகுக் கொட்டிலில எத்தனையோ வருசம். அந்தத் திறப்பு ஒரு ரின்னுக்குள்ள இருந்தது. 2010இல திரும்பி வந்து பார்த்தா வீட்டில கதவே இல்ல. கூரையும் இல்ல. உம்மா திறப்பைக் கையில வச்சுக்கொண்டு நிண்டா."

நான் கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். சிறிது நேரம் கழித்து, "உங்களுக்கு எங்களில கோவம் இல்லையோ?" என்று கேட்டேன்.

"இருந்தது" என்றார். "உம்மாவுக்குக் கடைசிவரை இருந்தது. எனக்கு... உங்கட மகள் எண்ட பேரப்பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டா. நான் என்ன செய்ய?" பிறகு என் மூத்தவனைப் பற்றிக் கேட்டார். மகள் சொல்லியிருக்கிறாள் போலும். நான் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குக் கீரைக்கறி இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகவே வெந்தது.

மகளின் வேலைப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வயிற்றுப் பிள்ளையோடு அவள் ஸ்கூட்டியில் மணல் றோட்டில் ஓடுவதை நினைத்தாலே நெஞ்சு பதறும். "நான் மற்றப் பெண்களுக்குச் சொல்றதை நானும் கேட்டு நடக்கிறன் அம்மா, பயப்பிடாதேங்கோ" என்பாள். தாய்மார் கிளினிக் நாளில் ஒரு மூலையில் கதிரை போட்டு என்னை இருத்தினாள். எருக்கலம்பிட்டித் தாயும் தாழ்வுபாட்டுத் தாயும் ஒரே வாங்கில் இருந்து ஒருவர் பிள்ளையை மற்றவர் தூக்கி வைத்திருந்தார்கள். மகள் ஒவ்வொருத்தியினதும் அட்டையைப் பார்த்து, இரும்புச்சத்துக் குளிசை விழுங்கினாளா என்று அதட்டுவதைக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. முகாமில் வரிசையில் நின்று பால்மா வாங்கிய பிள்ளை இவள்தானா என்றும் இருந்தது.

பேசாலைக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். தலைமன்னார் றோட்டில் பாதித் தூரம். றோட்டின் இரு பக்கமும் பனை, பனை, பனை. பேசாலை பெரிய கடற்றொழில் ஊர். வெற்றிமாதா கோவில் கோபுரம் தூரத்திலேயே தெரிகிறது. சம்பந்தியம்மா கடற்கரைக்கு அழைத்துப் போனார். கட்டா மீனைப் பிளந்து, கழுவி, உப்பிட்டு அடுக்கி, பிறகு பரண்மேல் விரித்த வலையில் காயவைக்கிறார்கள். மணலில் போட்டால் மண் பிடிக்கும், விலை போகாது. வெயிலுக்கு ஒரு புறம், காற்றுக்கு ஒரு புறம் திருப்பவேண்டும். ஒரு மழைத்தூறல் விழுந்தால் ஒரு கிழமை உழைப்பு போயிற்று. இந்த வேலை முழுவதும் பெண்களுடையது. கணவனை யுத்தத்திலோ கடலிலோ இழந்த பெண்கள் பலர் இதில்தான் பிள்ளைகளைப் படிப்பித்திருக்கிறார்கள். ஆனால் விலையைத் தீர்மானிப்பது லொறி கொண்டுவரும் வியாபாரி. நாலு பேர் சேர்ந்து ஒரு நிறுத்தல் தராசு வாங்கி வைத்திருக்கிறார்கள். "அதுக்குப் பிறகு கிலோவில ஏமாத்த ஏலாது. விலையிலதான் ஏமாத்துறான்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக்கு நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. சோளகக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கரை கொந்தளிக்கும், வாடைக் காற்றுக்கு வடக்குக் கரை கொந்தளிக்கும். எனவே தொழிலாளர் காற்றுக்குத் தக்கபடி வள்ளத்தையும் வலையையும் அடுத்த கரைக்கு மாற்றி, அங்கே வாடி போட்டு இருப்பார்கள். வீடு ஒரு கரையில், வாடி மறுகரையில். எது உங்கள் ஊர் என்று கேட்டால் சம்பந்தியம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "ரெண்டும்தான் மச்சாள்" என்றார்.

இரவில் வலை பொத்திக்கொண்டிருந்த ஆண்கள் இந்திய இழுவைப் படகுகளைப் பற்றித்தான் கதைத்தார்கள். இலங்கையில் இழுவை மடித் தொழில் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆனால் அக்கரையிலிருந்து வருபவை அடியோடு வாரிக்கொண்டு, போட்டிருக்கும் வலையையும் அறுத்துக்கொண்டு போகின்றன. அதே அக்கரைதான் யுத்தத்தில் இவர்களுக்கு அடைக்கலம் தந்தது. அந்த வீட்டிலேயே இருவர் மண்டபம் முகாமில் வளர்ந்தவர்கள். பேச்சில் கோபமும் நன்றியும் மாறி மாறி வந்தன.

தெற்குக் கரையில் காற்றாலைகளைப் பார்த்தேன். 2020 மார்கழியில் தொடங்கிய திட்டம், மொத்தம் 30. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அவற்றுக்காகப் போட்ட றோட்டுகளால் மாரியில் வெள்ளம் வடியாமல் நிற்கிறது, மீனும் கரையை விட்டு விலகிவிட்டது என்று பெண்கள் சொன்னார்கள். மேலும் காற்றாலைகள் வேண்டாம், கனிய மணல் தோண்டவும் வேண்டாம் என்று 2025 ஆவணியில் மன்னார் நகரில் மக்கள் பல நாட்கள் போராடியபோது எங்கள் சம்பந்தியம்மாவும் பதாகை பிடித்து நின்றார்.

தலைமன்னாருக்கு ஒரு மாலைதான் போனோம். பழைய இறங்குதுறையின் சிதைவுகள் கடலுக்குள் நிற்கின்றன. 1914 முதல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. கொழும்பில் ரெயில் ஏறினால் கடலைக் கடந்து சென்னை வரை போகலாம் என்று என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1964 மார்கழிச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. ரெயில் பாதை 1990இல் அழிந்து, 2015 பங்குனியில்தான் தலைமன்னார் வரை மறுபடி ஓடியது. தனுஷ்கோடி அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். இடையில் மணல் திட்டுகள். 2022இலும் பஞ்சத்துக்குப் பயந்து பல குடும்பங்கள் குழந்தைகளோடு இரவில் புறப்பட்டு அந்தத் திட்டுகளில் இறங்கி நின்றன. கடல் அன்றைக்குக் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. மகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த இடத்தில் அதிக நேரம் நிற்க மனம் வரவில்லை.

சிவராத்திரி பங்குனி 8ஆம் திகதி வந்தது. மருமகன் தானாகவே, "மாமி, கேதீச்சரத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். பாலாவித் தீர்த்தத்தில் தண்ணீர் மொண்டு குடத்தில் சுமந்து வந்து, நம் கையாலேயே சிவலிங்கத்துக்கு வார்க்கலாம். பெரியவர் சிறியவர் என்று பேதமில்லை. கோயில் புதிதாக எழுப்பப்பட்டு 2022 ஆடியில் கும்பாபிஷேகம் கண்டது. சன நெரிசலில் என் குடத்தை மருமகன் தூக்கி வந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, தோளில் பாலாவித் தண்ணீர். பிறக்கும் பிள்ளை மாதா கோவிலுக்கா சிவன் கோவிலுக்கா என்று எங்கள் ஊரில் என்னைக் கேட்ட பெண்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். நானும் அவரிடம் அதைக் கேட்க நினைத்துத்தான் போனேன். கேட்கவில்லை.

அன்றிரவு மகள் கேட்டாள். "முடிவெடுத்திட்டீங்களோ அம்மா?"

"வீட்டைப் பூட்டிட்டு எப்படிப் பிள்ளை வாறது? அண்ணா வந்தால்?"

பதினைந்து வருடமாக எங்களுக்குள் இந்தக் கதை இப்படித்தான் நிற்கும். அவள் வழமையாக எழுந்து போய்விடுவாள். அன்றைக்குப் போகவில்லை. "அவன் வந்தால் பூட்டியிருக்கிறதைப் பார்த்திட்டுத் திரும்பிப் போற ஆளோ அம்மா? அயலில கேட்கமாட்டானோ?" என்றாள். "வருவான்" என்றோ "வரமாட்டான்" என்றோ அவள் சொல்லவில்லை. வாசலில் நின்ற ராத்தா, "திறப்பைக் கொண்டு வராதீங்க, பக்கத்து வீட்டில குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்குத் திரும்பும்போது மருமகன் ஒரு பலகை தந்தார். வள்ளத்துக்குப் பெயர் எழுதும் நீல வர்ணத்தில், மன்னார் விலாசமும் மூன்று தொலைபேசி இலக்கங்களும் எழுதியிருந்தார். மகளுடையது, தன்னுடையது, ராத்தாவுடையது. உப்புக் காற்றுக்கும் மழைக்கும் அழியாத வர்ணம் என்றார். மேலே என் மூத்தவனின் பெயர். அதை எழுதச் சொன்னது மகள். இரண்டு ஆணி அடித்து முன்கதவில் நானே மாட்டினேன். திறப்பு பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் இருக்கிறது. ஆனியில் மன்னாருக்குப் போய், ஆடியில் பேத்தியைக் கையில் வாங்கினேன். மாரிக்கு ஊருக்கு வந்து வளவு துப்புரவாக்கி, பலகையையும் துடைத்துவிட்டுப் போவேன்.